சாமிக்கு முகம் கொடுத்தது யார்?

பங்சாரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நடத்தும் சமய வகுப்பில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை.

"அக்கா, முருகர் முகம் இப்படித்தான் இருக்கும்னு நமக்கு யாரு சொன்னா? யாரோ ஒரு ஓவியர் வரைஞ்சதுதானே? அப்போ நான் தினமும் கும்பிடுறது முருகரையா, இல்ல அந்த ஓவியரோட கற்பனையையா?"

அவளோடு படிக்கும் வேற்றுச் சமய நண்பர் ஒருவர் அவளிடம் இதைக் கேட்டிருக்கிறார். கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று அவளே சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு வீட்டுச் சாமி மேடை முன்னால் நின்றபோது பழையபடி கை கூப்ப முடியவில்லையாம். "ஒரு மாதிரி இருந்துச்சு அக்கா" என்றாள்.

இந்த "ஒரு மாதிரி" நம் இளைஞர்கள் பலருக்கும் வந்திருக்கும். சிலர் அதை அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். சிலர் மெல்ல மெல்லக் கும்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் கேட்டால் "சாமி விஷயத்துல இப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று வாயடைத்து விடுவார்கள். நம் சமயம் கேள்விக்குப் பயந்த சமயம் இல்லை. உபநிடதங்களில் பல இடங்களில் கேள்வியும் பதிலும்தான். அதனால் இதை நேராகவே எடுத்துக்கொள்வோம். முதலில் நடந்த கதை, பிறகு சிந்தனை.

படத்துக்குப் பின்னால் இருந்தவர்கள்

தங்கையின் கேள்வியில் முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஆமாம், ஓவியர்தான் வரைந்தார். அவர் பெயரும் ஊரும்கூட நமக்குத் தெரியும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்திலும் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் மாட்டியிருந்த முருகன், கஜலட்சுமி, மீனாட்சி கல்யாணம் போன்ற படங்களில் பலவற்றை வரைந்தவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையும் வேலைக்குப் போனார். மேடைக்குப் பின்னால் தொங்கும் அரண்மனை, காடு, கோயில் எல்லாம் அவர் கைவண்ணம். 1940களின் தொடக்கத்தில் அந்த வேலைதான் அவரைக் கோவில்பட்டிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் அவரோடு சேர்ந்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்கள் காலண்டரும் அடிக்கத் தொடங்கின. 1950களிலும் 60களிலும் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் வரைந்தது சிவகாசியில் அச்சாகி, கப்பல் ஏறி, நம் ஊர் மளிகைக் கடைக்கும் நகைக்கடைக்கும் வந்தது. கடைக்காரர் ஆண்டு முடிவில் அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். மேலே முருகன், கீழே கடையின் பெயர், அதற்குக் கீழே தேதித்தாள். வருஷம் முடிந்ததும் நம் பாட்டிமார் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் பிரேம் போட்டார்கள். இன்று காபிக் கடைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்திருக்கும் இந்தப் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இங்கே வாழ்ந்த நம் மக்களின் பல சாமி மேடைகள் அப்படி உருவானவைதான்.

கொண்டையராஜுவுக்கு முன்னால் ராஜா ரவிவர்மா. திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையில் 1848இல் பிறந்தவர், 1906இல் மறைந்தார். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் நம் புராணக் காட்சிகளை வரைந்தார். பரோடா மன்னருக்காக 14 புராண ஓவியங்களை வரைந்து கொடுத்தார். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் புடவை கட்டி, நம் வீட்டுப் பெண்கள் மாதிரியே நின்றார்கள். இந்தப் படங்களை அச்சடித்தால் நாடு முழுக்கப் போகுமே என்று யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் மாறி மாறி அழுத்தி எடுக்கும் முறை அது. சில ஆண்டுகளில் கடன் தாங்காமல் அந்த அச்சகம் அங்கே வேலை பார்த்த ஒரு ஜெர்மானியரின் கைக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. அச்சுப்படம் வருவதற்கு முன்னால், அழகான கடவுள் உருவம் என்பது பெரும்பாலும் கோயிலுக்குள் இருந்தது. அந்தக் கோயிலுக்குள் எல்லோராலும் போக முடியவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் நுழைந்தது 1939இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சில காசு விலையில், லட்சுமியும் முருகனும் அந்த மக்களின் குடிசைக்குள் போய்விட்டார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவரின் வீட்டுக்குச் சாமியே நடந்து போன மாதிரி. தோட்டத்துக்குச் சஞ்சியாகக் கப்பல் ஏறி வந்த நம் முன்னோர் பலரும் அப்படி நிறுத்தப்பட்டவர்கள்தான். "வெறும் காலண்டர் படம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

மனிதர் கொடுத்த முகம் என்றால் பொய் முகமா?

இப்போது கேள்வியின் கடினமான பாதிக்கு வருவோம்.

இதற்கு நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அம்மா போட்டோவும் காகிதம்தான். அதை யாராவது மிதிச்சா சும்மா இருப்பியா?" சொல்லும்போது நன்றாக இருக்கும். ஆனால் கேட்டவர் கொஞ்சம் யோசித்தால் திருப்பிக் கேட்பார்: அம்மாவை நீ பார்த்திருக்கிறாய், போட்டோ அம்மா மாதிரியே இருக்கிறது. முருகனை யார் பார்த்தது? ஓவியம் அவர் மாதிரியே இருக்கிறது என்று எப்படிச் சொல்வாய்? நியாயமான மறுப்பு. அதனால் அந்தப் பதிலை ஓரமாக வைப்போம்.

எனக்குச் சரியாகப் படுவது வேறு ஓர் ஒப்புமை. முகத்தைப் போட்டோவோடு ஒப்பிடாமல் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "முருகா" என்று கூப்பிடுகிறோம். மு, ரு, கா என்ற ஒலிகளை உண்டாக்கியது மனித வாய். எழுத்தை உண்டாக்கியது மனிதக் கை. வடமொழியில் ஸ்கந்தன், கன்னடத்தில் சுப்பிரமண்யா என்று வேறு ஒலிகள். அந்த ஒலிக்கும் முருகனுக்கும் உருவ ஒற்றுமை எதுவும் கிடையாது. அதற்காக "நீ கூப்பிடுவது வெறும் ஒலியை" என்று யாரும் சொல்வதில்லை. பெயர் என்பது ஒருவரை நோக்கி நம்மைத் திருப்புகிற வழி. எந்தச் சமயத்தில் பிறந்தவரும் தன் இறைவனை ஏதோ ஒரு மனித மொழியில்தான் அழைக்கிறார். ஓவியர் கொடுத்த முகமும் அப்படித்தான். பெயர் நாக்குக்கு. முகம் கண்ணுக்கு. கண்ணால் கூப்பிடுகிற பெயர் அது.

நம் சமயம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் என்ன செய்கிறோம்? ஒரு பிடி மஞ்சளைப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, அறுகம்புல் செருகி, "பிள்ளையார்" என்கிறோம். தும்பிக்கை இல்லை, கண் இல்லை, காது இல்லை. பூசை முடியும்வரை அது பிள்ளையார். முடிந்ததும் அனுப்பி வைத்துவிட்டு நீரில் கரைக்கிறோம். அழைப்பதும் உண்டு, அனுப்பி வைப்பதும் உண்டு.

கோயிலிலும் இதே கதைதான். நம் நாட்டுக் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கும்போது பாலஸ்தாபனம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூலவரிடமிருந்து இறைசக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பிறகு அதைத் தற்காலிகச் சந்நிதிக்குக் கொண்டுபோகிறார்கள். பல இடங்களில் அத்திப் பலகையில் சுவாமியின் உருவத்தை வரைந்து அதற்குத்தான் பூசை செய்வார்கள். பாருங்கள், கருவறைக் கல்லில் இருந்த தெய்வம் சில மாதங்களுக்கு ஓர் ஓவியத்தில் வந்து இருக்கிறது. கும்பாபிஷேகம் முடிந்ததும் மறுபடி கல்லுக்குப் போகிறது. இதையெல்லாம் செய்கிற சமயத்தைப் பார்த்து "நீங்க கல்லையும் காகிதத்தையும் கும்பிடுறீங்க" என்று சொல்வது விவரம் தெரியாமல் சொல்வது. கல் வேறு, கல்லில் எழுந்தருள அழைக்கப்படுபவர் வேறு என்பதை நம் குருக்கள் ஒவ்வொரு நாளும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்.

சைவ சித்தாந்தம் இறைவனை அரு, உரு, அருவுரு என்று மூன்று நிலையில் சொல்கிறது. அவருக்கென்று கட்டாயமான உருவம் கிடையாது, உயிர்கள் மீது வைத்த கருணையால் உருவம் எடுக்கிறார் என்பது அதன் பொருள். தன் அடியார் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அந்த உருவமாகவே அவர் ஆகிவிடுகிறார் என்று பொய்கையாழ்வாரும் பாடினார். சைவமும் வைணவமும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. முகம் நம் பக்கத்துத் தேவை. அந்தத் தேவைக்கு இறங்கி வருவது அவர் பக்கத்துக் கருணை.

வரைந்தவர் புனிதராக இருக்க வேண்டுமா?

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. சரி, முகம் மனிதர் கொடுத்தது. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது முக்கியமா?

இலங்கைத் தமிழர் சர் முத்துக்குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி (1877–1947) இதை வாழ்நாள் முழுக்க யோசித்தவர். நம் மரபுச் சிற்பி யோகி போல என்றார் அவர். தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, தெய்வத்தின் உருவம் உள்ளே முழுதாகத் தெரிந்த பிறகே உளியைத் தொடுவான். உள்ளே காணாததை வெளியே செய்யக் கூடாது. அதனால்தான் அவருக்கு ரவிவர்மாவின் படங்கள் பிடிக்கவில்லை. நாடக மேடையில் வேஷம் கட்டிய மனிதர்கள் போலத் தெரிகிறார்கள், தெய்வத்தன்மை இல்லை என்று கடுமையாகவே எழுதினார்.

குமாரசாமி பெரியவர். ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒரு சிக்கல் வருகிறது. ரவிவர்மாவின் லட்சுமி முன்னால் விளக்கேற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் தணியட்டும் என்று அழுத தாய்மார் எத்தனை பேர்! ஓவியர் யோகத்தில் அமராததால் அந்தக் கண்ணீர் போய்ச் சேராமல் போயிருக்குமா? அச்சகத்து முதலாளி லாபத்துக்காகத்தான் அச்சடித்தார் என்பதால் அந்த வழிபாடு பாழாகிவிடுமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொண்டையராஜு துறவி மாதிரி வாழ்ந்தவர், நம்மால் நிம்மதியாகக் கும்பிட முடியும். ஆனால் அவர் வரைந்ததை அச்சில் ஏற்றியவர், மை கலந்தவர், கட்டுக் கட்டி லாரியில் ஏற்றியவர், கடைப்பெயரைச் சேர்த்தவர் எல்லோருடைய மனத்தையும் நம்மால் சோதித்துப் பார்க்க முடியுமா? செய்தவரின் தூய்மைதான் அளவுகோல் என்றால் நம்மால் எந்தப் படத்தின் முன்னாலும் நிற்க முடியாது.

பெரிய புராணம் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாதவர். மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, மண்டபம் எழுப்பி, விமானம் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, நான் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை என்றார். சேக்கிழார் மன்னனைக் கெட்டவனாகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் கோயிலுக்கும் இறைவன் பிறகு வருகிறார். முதலில் எங்கே போகிறார் என்பதுதான் கதை. கும்பிடுகிறவரின் உள்ளம் எங்கே முழுதாகத் திறந்திருக்கிறதோ அங்கே.

எனவே "வரைந்தவர் மனமா, வணங்குபவர் மனமா" என்று கேட்டால் வணங்குபவர் மனம்தான் முதலில் என்று சொல்வேன்.

அப்படியானால் எந்தப் படமும் சரியா?

இங்கேதான் நம் தலைமுறைக்கே உரிய சிக்கல் வருகிறது. கும்பிடுகிறவர் மனம் போதும் என்றால், இன்று காலை புலனத்தில் வந்த படத்துக்கு என்ன பதில்?

நீங்களும் பார்த்திருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த முருகன். ஜிம்முக்குப் போய் வந்த உடம்பு, சினிமாக் கதாநாயகன் முறைப்பு, பின்னால் இடி மின்னல். ஒரு படத்தில் வேலின் இலை இருக்க வேண்டிய இடத்தில் சூலம் மாதிரி ஏதோ ஒன்று. இன்னொன்றில் கையில் ஆறு விரல். "வாவ், மாஸ்!" என்று அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இது கெட்டது, கணினி செய்தது என்பதற்காகத் தீட்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் அச்சு இயந்திரத்தைப் பார்த்தும் சிலர் முகம் சுளித்தார்கள். பார்க்க வேண்டியது வேறு.

நம் மரபில் ஓவியருக்கும் சிற்பிக்கும் ஒரு கட்டு உண்டு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் உண்டு: எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்த வாகனம், நிற்பதா அமர்வதா. அளவும் உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவன், திருமால் உருவங்களுக்குப் பத்துத் தாலம். பிள்ளையாருக்கு ஐந்து. அதனால்தான் அவரைப் பார்த்தால் குழந்தை மாதிரி இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் கண் திறப்பது. இந்தக் கட்டு எதற்கு? ஓவியர் தன் ஆசையைச் சாமியின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு தம்பி கேட்கலாம்: "கொண்டையராஜுவும் விற்கத்தானே வரைஞ்சாரு? கொழுகொழு கன்னம், சிரிப்பு, பட்டு, நகை எல்லாம் ஜனங்களுக்குப் பிடிக்கணும்னு போட்டதுதானே?" உண்மைதான். நாடகத் திரைச்சீலையின் மலையும் மேகமும்கூட அவர் படங்களில் உண்டு. ஆனால் அவர் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்று பாருங்கள். முகத்துக்கு மென்மை கொடுத்தார், வண்ணம் கொடுத்தார். வேல், மயில், அபயம் காட்டும் கை, தேவியர் நிற்கும் பக்கம் இவற்றை மரபு சொன்ன இடத்திலேயே விட்டார். ராகம் பாடுகிறவர் ஆரோகண அவரோகணத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம் என்பது போல. 2006இல் பத்துமலையில் எழுந்த 140 அடி முருகன் முன்னால் நின்று பாருங்கள். அத்தனை பெரிய உருவத்திலும் பயமுறுத்தும் முகம் இல்லை. அந்தப் புன்னகையில் நம் வீட்டுக் காலண்டர் முருகனின் சாயல் எனக்குத் தெரிகிறது.

கணினியிடம் நாம் என்ன செய்கிறோம்? "கோபமான முருகன், கட்டுமஸ்தான உடம்பு" என்று நாமே கேட்கிறோம். கேட்டது வருகிறது. அதில் தியான சுலோகம் இல்லை, தாலம் இல்லை, குரு இல்லை. இருப்பது நம் ஆசை ஒன்றுதான். அந்தப் படத்தின் முன்னால் கை கூப்பினால், நமக்குப் பிடித்த நம்முடைய வடிவத்துக்கே கை கூப்புகிற ஆபத்து இருக்கிறது. தங்கை பயந்தாளே, "ஓவியரோட கற்பனையைக் கும்பிடுறேனோ" என்று, அந்தப் பயம் பொருந்துகிற இடம் இதுதான். கற்பனை செய்தவர் நாமாக இருக்கும்போது அது இன்னும் ஆபத்து. ஆண்டியாகக் கோவணத்தோடு பழனியில் நிற்கும் முருகன் நம் கர்வத்தைக் கேள்வி கேட்கிறார். ஜிம் உடம்பு முருகன் நம் கர்வத்துக்குத் தட்டிக் கொடுக்கிறார்.

எந்தப் படம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகலாம். இது நம் பெரியவர்கள் கொடுத்த இலக்கணத்தில் நிற்கிறதா? இதன் முன்னால் நின்றால் என் மனம் அடங்குகிறதா, இல்லை சண்டைக்குத் தயாராகிறதா? இதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேனா, இல்லை நாளைக்கே அழித்துவிடுவேனா? அதே கணினியை மரபு தெரிந்த ஓர் ஓவியர், சுலோகம் தெரிந்து, பொறுமையாகப் பயன்படுத்தினால் மூன்றுக்கும் நல்ல பதில் வரலாம். கருவி எதுவாக இருந்தாலும் கேள்வி இதே மூன்றுதான்.

நம் பங்கு

படத்தை வணக்கத்துக்கு உரியதாக ஆக்குவது நம் அன்பு என்று ஒப்புக்கொண்டால், அதோடு ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. அழைத்தது நாம். மரியாதையோடு அனுப்பி வைப்பதும் நம் வேலை.

செருப்பிலும் கால்மிதியிலும் பிள்ளையார் படம் போட்டு யாரோ விற்கிறார்கள் என்று செய்தி வந்தால் நமக்குக் கொதிக்கிறது. முகநூலில் பகிர்கிறோம், கையெழுத்துச் சேர்க்கிறோம். நல்லதுதான். அதே வாரம் நம் வீட்டுக் குப்பைத் தொட்டியில் என்ன கிடக்கிறது? ஊதுபத்திப் பெட்டியில் லட்சுமி. கற்பூரப் பாக்கெட்டில் அம்மன். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார், அதன் மேல் நேற்றைய மீன் முள். அதைப் போட்டது வெளியாள் இல்லை.

இன்னொன்று நாம் தினமும் கடந்து போகும் காட்சி. அரச மரத்தடியில், ஆற்றோரத்தில், கோயில் மதிலுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்து, மழையில் ஊறி, கரையான் பிடித்துக் கிடக்கும் சாமி படங்கள். ஒரு குடும்பம் பழைய வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறுகிறது, இடம் இல்லை. குப்பையில் போட மனம் வராமல் மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். அவர்கள் மனம் நல்ல மனம்தான். ஆனால் மரத்தடி அனுப்பி வைக்கும் இடம் இல்லை. முதுமையில் பெற்றோரை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று கோயில் வாசலில் விட்டுவிட்டு வருவது மாதிரிதான் அது.

என்ன செய்யலாம்? படத்தின் முன்னால் விளக்கேற்றி, இத்தனை நாள் எங்கள் வீட்டில் இருந்ததற்கு நன்றி சொல்லி வழியனுப்புங்கள். பிரேமைப் பிரித்துக் கண்ணாடியையும் மரத்தையும் தனியாக எடுத்துவிடுங்கள். காகிதத்தை மஞ்சள் நீரில் நன்றாக ஊற வைத்து, கால் படாத இடத்தில் செடிக்கு அடியில் புதைக்கலாம். இடம் இல்லாதவர்கள் கோயிலில் முன்கூட்டியே கேட்டு, ஒப்புக்கொண்டால் மட்டும் கொடுக்கலாம். நம் இளைஞர் குழு ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால், தன் வட்டாரத்து மரத்தடிப் படங்களைச் சேகரித்து முறையாக வழியனுப்பினால் அது பெரிய தொண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகும் அண்ணன், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள்: சாமி உருவத்துக்குப் பதில் ஒரு பிள்ளையார் சுழி போதுமே.

அந்தத் தங்கைக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நீ கும்பிடுவது முருகனைத்தான். கோவில்பட்டியில் உட்கார்ந்து ஒருவர், தனக்கு முன்னால் வந்தவர்கள் கொடுத்த இலக்கணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உன் கண்ணுக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தார். வழி போட்டவர் மனிதர் என்பதால் போய்ச் சேரும் இடம் பொய்யாகிவிடாது. உன் நண்பர் மறுபடி கேட்டால் தயங்காமல் சொல்: ஆமாம், மனிதர்தான் வரைந்தார், அவர் பெயர்கூட எனக்குத் தெரியும்.

இந்த வாரம் வீட்டில் பழைய சாமி படம் ஏதாவது இருந்தால் இறக்கித் துடைத்துக் கீழ் மூலையைப் பாருங்க. தூசிக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கலாம். இருந்தால் அந்தப் பெயரை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை வாசியுங்க. பிறகு விளக்கை ஏற்றுங்க.